பாட்டியை வெளுப்பாக்கின மானிட்டர்

"ஏன்டா, யாருடா இது?"

அத்தை கேட்டது இவ்வளவுதான். 2007 ஏப்ரல் மாசம், அப்பாவோட எழுபதாவது பிறந்தநாள். கூடம் நிறைய சொந்தக்காரங்க. நான் ரொம்பப் பெருமையா, சட்டம் போட்ட பெரிய போட்டோ ஒண்ணை அப்பா கையில கொடுத்தேன். அப்பாவோட அம்மா, அதாவது என் பாட்டி. அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். ஒண்ணும் பேசல. பக்கத்துல உட்கார்ந்திருந்த அத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை முந்தானையில துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தாங்க. பார்த்துட்டுத்தான் அந்தக் கேள்வி.

"எங்கம்மா கறுப்புடா. நல்ல கறுப்பு. இது யாரோ மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சேர்ந்து சிரிச்சு வெச்சேன். உள்ளுக்குள்ள என்னமோ மாதிரி ஆயிடுச்சு.

விஷயம் என்னன்னா, பாட்டிக்கு இருக்கிற ஒரே போட்டோ அதுதான். நாற்பதுகளின் தொடக்கத்துல கும்பகோணத்துல ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பாட்டி நாற்காலியில, பக்கத்துல பத்து வயசு அத்தை நின்னுக்கிட்டு. அப்பாவுக்கு ஆறு வயசு இருக்கும்போது பாட்டி போயிட்டாங்க. அப்பாவுக்கு நிஜ முகம் ஞாபகமே இல்லை. அவர் மனசுல இருக்கிற அம்மாவே அந்த போட்டோவில் இருக்கிற முகம்தான். அத்தை ஒருத்தருக்குத்தான் அசல் ஞாபகம். அப்படிப்பட்ட ஒரு போட்டோவை எடுத்து, பூஞ்சையைத் துடைக்கிறேன், மடிப்பை சரி பண்றேன்னு உட்கார்ந்து, பாட்டியை நாலு படி வெளுப்பாக்கி வெச்சிருக்கேன் நான்.

எப்படி ஆச்சு? அதுக்கு கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னாடிதான், ஆறேழு வருஷமா மேஜையை அடைச்சுக்கிட்டிருந்த பழைய குண்டு மானிட்டரைக் கடாசிட்டு, ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் 17 அங்குல எல்சிடி மானிட்டர் வாங்கினேன். கம்பெனி பேரும் கடைப் பேரும் வேண்டாம், விட்டுடுங்க. ஒல்லியா, அழகா, மேஜையில பாதி இடம் மிச்சம். வீட்டுக்கு வந்தவங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அந்த மானிட்டர்லதான் பாட்டி போட்டோவை ஸ்கேன் பண்ணிப் போட்டு, பதினஞ்சு ராத்திரி போட்டோஷாப்பில் வேலை பார்த்தேன். முகம் மட்டும் ஏனோ இருட்டடிச்ச மாதிரியே இருந்துச்சு. கொஞ்சம் தூக்கினேன். இன்னும் கொஞ்சம். மடியில இருக்கிற கையும் புடவைக் கொசுவமும் மட்டும் பளிச்சுன்னு இருந்ததால அதை இறக்கினேன். கடைசியில ஸ்கிரீனில் எல்லாம் சமமா, ரொம்ப நல்லா வந்துச்சு. பிரிண்ட்டில் முகம் சுண்ணாம்பு, கை கரி.

பிறந்தநாள் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை, மானிட்டர் முன்னாடி கோபமா உட்கார்ந்தேன். ஸ்கிரீன் முழுக்க ஒரே சாம்பல் கலரைப் போட்டேன். வேற ஒண்ணும் கிடையாது, வெறும் சாம்பல். அப்பத்தான் கண்ணு திறந்தது. மேல் பக்கம் இருட்டு. கீழே வர வர வெளுப்பு. இடது கீழ் மூலையில தனியா ஒரு மங்கலான, லேசா மஞ்சள் அடிச்ச திட்டு. இத்தனை மாசம் கலர் கலரா படம் பார்த்துக்கிட்டிருந்ததில் இது கண்ணுலயே படல.

முதல்ல படத்தைத் தலைகீழாத் திருப்பிப் பார்த்தேன். இருட்டு அங்கேயே நிக்குது. ஆக படத்தில் கோளாறு இல்லை, கார்டிலும் இல்லை. கேபிள் மாத்தினேன், அதே கதை. கடைக்குப் போன் போட்டா, "எல்சிடின்னா அப்படித்தான் சார் இருக்கும், வீட்டுல வோல்டேஜ் சரியா வருதா பாருங்க, ஒரு ஸ்டெபிலைசர் போட்டுடுங்க"ன்னார். செம கடுப்பு. ஆனா பாருங்க, அவர் சொன்னதில் முதல் பாதி நிஜம்னு அப்புறம்தான் புரிஞ்சுது. வோல்டேஜ் பாதி சும்மா ஜல்லி.

உண்மை தெரிஞ்சது வேற வழியில. கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிஞ்சேன், குனிஞ்ச வாக்கில் ஸ்கிரீனைப் பார்த்தா மொத்த சாம்பலும் கன்னங்கரேல்னு இருக்கு. எழுந்து நின்னா மொத்தமும் வெளுத்துப் போச்சு. திரும்பக் குனிஞ்சேன், நிமிர்ந்தேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த வீட்டம்மா, "என்னங்க, தோப்புக்கரணமா?"ன்னு கேட்டாங்க. தலையை ஆட்டினா மேல் கீழ் இருட்டு நகருது. ஆனா அந்த மூலைத் திட்டு மட்டும் எங்கேர்ந்து பார்த்தாலும் அசையல. அப்ப ரெண்டும் ஒரே வியாதி இல்லை.

இந்த ரெண்டு வியாதியும் எங்கேர்ந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சது அன்னிக்கு. இன்னும் முடியல. தேடினதில் எனக்குப் பிடிச்சதை மட்டும் சொல்றேன்.

ஆரம்பம் காரட். சத்தியமா. 1888ல் ப்ராக் நகரத்தில் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்ஸர்னு ஒரு தாவரவியல்காரர், காரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலை வெச்சு ஏதோ செஞ்சுக்கிட்டிருந்தார். அதிலிருந்து தயாரிச்ச ஒரு பொருள், கொலஸ்டெரில் பென்சோயேட், ரெண்டு தடவை உருகுச்சு. 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலான திரவம், 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் சட்டுனு தெளிஞ்சு தண்ணி மாதிரி. ஒரு பொருள் ஒரு தடவைதானே உருகணும்? அவருக்குப் புரியல. அந்த வருஷம் மார்ச்சில், சூடு பண்ணிப் பார்க்கிற மைக்ராஸ்கோப் வெச்சிருந்த ஓட்டோ லேமன் என்கிற இயற்பியல்காரருக்கு சாம்பிளோட கடிதம் போட்டார். லேமன் பார்த்துட்டு, இது ஓடுது, ஆனா படிகம் மாதிரி ஒளியைத் திருப்புதுன்னு கண்டுபிடிச்சார். திரவப் படிகம் பிறந்தது அப்படித்தான். எல்சிடியில் இருக்கிற எல்சி அதுதான். நீள நீளமான மூலக்கூறுகள், ஆத்துல மிதக்கிற மூங்கில் கழி மாதிரி. நகரும், ஆனா எல்லாம் ஒரே திசை பார்த்து நிக்கும்.

அதுக்கப்புறம் எழுபது எண்பது வருஷம் இதை வெச்சு என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. ஆராய்ச்சி நடந்துச்சு, ஐரோப்பாவில் பேர் வெச்சாங்க, வகை பிரிச்சாங்க. சட்டுனு தாண்டிப் போயிடலாம்.

1960களில் அமெரிக்காவில் ஆர்சிஏ கம்பெனி. கலர் டிவி விக்கிற பெரிய கை. அங்கே ஜார்ஜ் ஹைல்மெயர்னு ஒரு இளைஞர், திரவப் படிகத்துல மின்சாரம் பாய்ச்சினா தெளிவா இருந்தது பால் மாதிரி வெளுக்குதுன்னு பார்த்தார். 1968 மே 28 அன்னிக்குப் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டினாங்க. சுவத்துல மாட்டற டிவி இதோ வந்துடுச்சுன்னு ஒரே கொண்டாட்டம். ஆனா ஆர்சிஏவுக்கு சோறு போட்டது கண்ணாடிக் குழாய் டிவி. சோறு போடற தொழிலைத் தானே கொல்லுமா? விஷயம் அப்படியே இழுத்துக்கிட்டுப் போச்சு, 1970ல் ஹைல்மெயரே கிளம்பிட்டார்.

அதே ஆர்சிஏவில் வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிஷ்னு ஒருத்தர் இருந்தார். அவர் மனசுல வேற ஒரு யோசனை. அங்கே யாரும் காது கொடுக்கல. 1970ல் அவர் சுவிட்சர்லாந்து பாசெல் நகரத்துக்குப் போய் ஹோஃப்மன் லா ரோஷ் கம்பெனியில் சேர்ந்தார். ஆமா, மருந்துக் கம்பெனிதான், வேலியம் மாத்திரை போட்டவங்க. அங்கே மார்ட்டின் ஷாட்டோட சேர்ந்து அந்த யோசனையை செஞ்சு பார்த்து, 1970 டிசம்பர் 4ம் தேதி காப்புரிமைக்கு மனு போட்டாங்க. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபெர்கசனும் அதையே தனியா யோசிச்சு 1971 ஏப்ரலில் மனு போட்டார். அப்புறம் வழக்கு, சமரசம், காசு. பங்காளிச் சண்டை எங்கேயும் உண்டு.

அந்த யோசனைக்குப் பேரு முறுக்கு நெமாட்டிக். சுருக்கமா டிஎன். என் பாட்டியை வெளுப்பாக்கினது இந்த டிஎன்தான், அதனால இங்கே கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

ரெண்டு கண்ணாடித் தகடு. நடுவுல திரவப் படிகம். ரெண்டு தகட்டுக்கும் வெளியே ஒரு பிலிம், அது ஒளியை ஒரே திசையில அதிரற மாதிரி வடிகட்டும். கம்பி ஜன்னல் வழியா ஒரு கயித்தை விட்டு ஆட்டறோம்னு வெச்சுக்குங்க, கம்பி வாக்கில் ஆட்டினாத்தான் அலை உள்ளே போகும். அப்படி ஒரு ஜன்னல். (இந்த வடிகட்டி பிலிம் கதையும் சுவாரஸ்யம். 1852ல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊர் டாக்டர் ஹெராபத், கொய்னா கொடுத்த நாயோட மூத்திரத்தில் அயோடின் விழுந்து உண்டான பச்சைப் படிகத்தைப் பார்த்தார், அது இந்த வேலை செஞ்சுது. 1929ல் எட்வின் லேண்ட் அந்தப் படிகத்தையே பொடி பண்ணி பிலிமாக்கினார். காரட், நாய் மூத்திரம். ஹைடெக்குனு சொல்றாங்க.) முன்னாடி ஜன்னலில் கம்பி நெட்டுக்குத்தா, பின்னாடி ஜன்னலில் படுக்கை வசமா. சாதாரணமா வெளிச்சம் ரெண்டையும் தாண்டாது. ஆனா நடுவுல இருக்கிற மூலக்கூறுகளைப் புரி மாதிரி 90 டிகிரி முறுக்கி அடுக்கி வெச்சா, வெளிச்சமும் கூடவே திரும்பி வெளியே வந்துடும். மின்சாரம் கொடுத்தா மூலக்கூறு எல்லாம் எழுந்து நின்னுக்கும், புரி போயிடும், இருட்டு. அவ்வளவுதான். மின்சாரம் சாப்பிடறதும் ரொம்பக் கொஞ்சம்.

வெள்ளைக்குப் படுத்துக்கும், கறுப்புக்கு நின்னுக்கும். சாம்பலுக்கு? பாதி எழுந்து சாஞ்சு நிக்கும். இங்கேதான் சிக்கல். காத்துல சாஞ்ச நெல் வயலைப் பார்த்திருக்கீங்களா? வரப்புல இந்தப் பக்கம் நின்னா ஒரு பச்சை, அந்தப் பக்கம் போய் நின்னா வேற பச்சை. வயல் ஒண்ணுதான், பயிர் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு, நாம பார்க்கிற கோணம் மாறுது. டிஎன் ஸ்கிரீனில் கீழேர்ந்து மேல் நோக்கிப் பார்த்தா இருட்டு, மேலேர்ந்து கீழ் நோக்கிப் பார்த்தா வெளுப்பு.

இதை அந்தக் காலத்துல யாரும் பெரிய குறையா நினைக்கல. ஏன்னா அது போய்ச் சேர்ந்த இடம் அப்படி. 1973ல் ஜப்பானில் ஷார்ப் கம்பெனி இஎல் 805ன்னு ஒரு கால்குலேட்டர் விட்டாங்க. ஒரே ஒரு பேட்டரியில் 100 மணி நேரம் ஓடும். அதுல இருந்தது ஹைல்மெயரோட பழைய முறை. அதே வருஷம் அக்டோபரில் சீகோ ஒரு கைக்கடிகாரம் விட்டாங்க, அது டிஎன். இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் க்ரே, சாதாரண சூட்டுலயே திரவப் படிகமா இருக்கக்கூடிய, சீக்கிரம் கெட்டுப் போகாத சரக்கைச் செஞ்சு கொடுத்ததும் 1973தான். அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் பிடிவாதம் பிடிக்கிற சரக்கு. அதுக்கப்புறம் கடிகாரம், கால்குலேட்டர் எல்லாம் டிஎன் மயம்.

கடிகாரத்தையும் கால்குலேட்டரையும் நாம எப்படிப் பார்க்கறோம்? கையில வெச்சு. தெரியலைன்னா மணிக்கட்டை லேசாத் திருப்பிக்கறோம். திருப்பினதே நமக்குத் தெரியாது. அப்பாவோட பழைய கால்குலேட்டர் ஒண்ணு அலமாரியில கிடந்துச்சு, எடுத்து சாய்ச்சுப் பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ச்சா எண் காணாமப் போகுது, இன்னொரு பக்கம் சாய்ச்சா தெரியாம இருக்க வேண்டிய எட்டோட எலும்புக்கூடு முழுசும் தெரியுது. முப்பது வருஷமா இதை வெச்சுக் கணக்குப் போட்டவர் ஒரு தடவையும் குறை சொன்னதில்லை.

அப்புறம் லேப்டாப் வந்துச்சு. அதுக்குக் கீல் இருக்கு, சாய்ச்சுக்கலாம். சின்ன ஸ்கிரீன் வேற. இதுக்கு நடுவுல, ஒவ்வொரு புள்ளிக்கும் தனியா ஒரு டிரான்சிஸ்டர் வெக்கிற வேலையை 1970களில் வெஸ்டிங்ஹவுஸில் பீட்டர் ப்ரோடி ஆரம்பிச்சு, அவர் கம்பெனியும் கைவிட்டு, கடைசியில ஜப்பான்காரங்க கைக்குப் போய், 1988ல் ஷார்ப் 14 அங்குலக் கலர் ஸ்கிரீன் காட்டினாங்க. இருபது வருஷம் முன்னாடி ஆர்சிஏ காட்டின கனவு அது.

அங்கேர்ந்து மேஜை மேல. என் 17 அங்குல மானிட்டரை ஸ்கேல் வெச்சு அளந்தேன். உயரம் 27 சென்டிமீட்டர். என் கண்ணு அரை மீட்டர் தூரத்துல, நடு மட்டத்துல இருக்கு. மேல் ஓரத்தை 15 டிகிரி அண்ணாந்து பார்க்கறேன், கீழ் ஓரத்தை 15 டிகிரி குனிஞ்சு பார்க்கறேன். மொத்தம் 30 டிகிரி வித்தியாசம். ஒரே ஸ்கிரீனை, ஒரே நேரத்துல, வரப்புக்கு ரெண்டு பக்கமும் நின்னு பார்க்கற மாதிரி. இதை எந்தப் பக்கம் சாய்ச்சாலும் ஒரு ஓரம் சரியாகும், இன்னொண்ணு கெடும். மணிக்கட்டு இல்லாத கைக்கடிகாரம். கடைக்காரர் சொன்ன 'அப்படித்தான் சார்' இதுதான். பாவம், அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

போர்ட்ரெய்ட் போட்டோவில் முகம் எங்கே இருக்கும்? மேலே. அவ்வளவுதான் என் பாட்டி கதை.

இந்த இடத்துல நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் வர்றார். பேரு சிவராமகிருஷ்ண சந்திரசேகர். நோபல் வாங்கின நட்சத்திர சந்திரசேகர் இல்லை, அவர் வேற. ரெண்டு பேருமே திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமனுக்கு உறவுதான்: அவர் ராமனோட அண்ணன் மகன், இவர் ராமனோட சகோதரி மகன். இவருடைய தம்பி பஞ்சரத்தினமும் பெங்களூரில் இருந்துக்கிட்டு, 1956ல் இதே திசை பிரிச்ச ஒளியைப் பத்தி எழுதின கட்டுரை இன்னிக்கும் உலகம் பூரா பேசப்படுது. 35 வயசுல போயிட்டார். என்ன குடும்பம்யா.

இந்த சந்திரசேகர் பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகத்தில் திரவப் படிகத்துக்கே ஒரு ஆய்வகம் நடத்தினார். அதுவரைக்கும் திரவப் படிகம்னா கழி மாதிரி நீள மூலக்கூறுதான்னு உலகம் நினைச்சுக்கிட்டிருந்துச்சு. 1977ல் அவரும் சதாசிவா, சுரேஷ் ரெண்டு பேரும் சேர்ந்து, தட்டு மாதிரி வட்ட மூலக்கூறும் திரவப் படிகமாகும்னு காட்டினாங்க. இட்லியை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி தூண் தூணா நிக்கும். கட்டுரை வந்தது நம்ம நாட்டுப் பத்திரிகை 'பிரமாணா'வில். அப்ப அதுக்கு எந்த உபயோகமும் தெரியாது.

1990களின் நடுவில் ஜப்பானின் ஃபியூஜி பிலிம்காரங்க இதைக் கையில எடுத்தாங்க. கழி ஒளியைக் கெடுக்கறது ஒரு விதத்துலன்னா, தட்டு கெடுக்கறது அதுக்கு நேர் எதிர் விதத்துல. ரெண்டையும் சேர்த்தா கழிச்சுப் போயிடும். தட்டு மூலக்கூறைச் சரிவா அடுக்கி உறைய வெச்ச ஒரு மெல்லிய பிலிமை டிஎன் ஸ்கிரீனுக்கு முன்னும் பின்னும் ஒட்டினாங்க. பார்க்கிற கோணம் நல்லா விரிஞ்சுது. அந்த பிலிம் வந்த பிறகுதான் டிஎன், மேஜை மானிட்டர் ஆகிற தகுதிக்கு வந்ததுன்னு நான் சொல்லுவேன். அப்படியும் பக்கவாட்டில் சரியானது மாதிரி மேல் கீழாகச் சரியாகல. அந்த மிச்சம்தான் என் மேஜை மேல உட்கார்ந்திருந்தது.

முழுசா சரி பண்ண வேற வழி வந்துடுச்சு. மூலக்கூறை எழுப்பாம, படுத்த வாக்கிலேயே திருப்பற ஐபிஎஸ். ஜெர்மனியில் குண்டர் பவுர் குழு 1990ல் காப்புரிமைக்குப் போட்டது, 1996ல் ஹிட்டாச்சி கடைக்குக் கொண்டுவந்தது. பயிர் நிமிரவே இல்லைன்னா வரப்புல எங்கே நின்னா என்ன? ஆனா 2007ல் அதோட விலை கேட்டா என்னை மாதிரி ஆளுக்கு மயக்கம் வரும். இப்ப சாதாரண போனிலேயே இருக்கு.

சரி, அந்த அசையாத மூலைத் திட்டு? அது தெரிய அஞ்சு வருஷம் ஆச்சு. 2012ல் அந்த மானிட்டர் செத்துப் போச்சு. பிரிச்சேன். (நீங்க பிரிக்காதீங்க. உள்ளே விளக்கு எரிய உயர் மின்னழுத்தம் போகும். விளக்குக்குள்ள பாதரசம் இருக்கு, உடைஞ்சா வம்பு.)

எல்சிடி தானா ஒளி விடாது, அது வெறும் ஜன்னல். பின்னாடி விளக்கு வேணும். என்னோடதுல மேல் ஓரத்துலயும் கீழ் ஓரத்துலயும் ஜோடி ஜோடியா நாலு விளக்கு, பென்சிலை விட ஒல்லியான ட்யூப்லைட். ஓரத்துல எரியற வெளிச்சத்தை 17 அங்குலத்துக்கும் சமமாப் பரப்பணும். அதுவும் வெளிச்சத்தை வீணாக்காம. வடிகட்டி ஜன்னலில் பாதிக்கு மேல போகுது, கலர் வடிகட்டியில் மூணுல ரெண்டு பங்கு போகுது, பத்துல ஒரு பங்குகூடக் கண்ணுக்கு வந்து சேர்றதில்லை.

பரப்பற வேலையைச் செய்யறது ஒரு தடிமனான அக்ரிலிக் தகடு. அதை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன். பின்பக்கம் முழுக்க வெள்ளைப் புள்ளி. ஆயிரக்கணக்குல. விளக்குக்குப் பக்கத்துல கடுகை விடச் சின்னப் புள்ளி, நடுவுக்கு வர வர பெருசு. பக்கத்துல வெளிச்சம் நிறைய, கொஞ்சமா வெளியே விட்டாப் போதும். தூரத்துல கம்மி, நிறைய வெளியே தள்ளணும். தகட்டுக்குள்ளேயே எதிரொலிச்சுக்கிட்டு ஓடற வெளிச்சம் புள்ளியில பட்டாத்தான் சிதறி வெளியே வரும். மார்கழியில் தெரு அடைச்சுப் போடற கோலத்துக்குப் புள்ளி வெக்கறவங்க பார்த்தா மெச்சிக்குவாங்க.

இடது கீழ் மூலைக்கு நேரா இருந்த விளக்கு ரெண்டோட முனையும் கறுத்துப் போயிருந்துச்சு, ட்யூப்லைட் முனை கறுக்குமே அந்த மாதிரி. புதுசா வரும்போதே அந்த முனையில வெளிச்சம் கம்மியா இருந்திருக்கணும். புள்ளிக்கோலம் விளக்கை நம்பித்தான் போட்டது. விளக்கு ஏமாத்தினா கோலம் என்ன பண்ணும்? இந்தத் திட்டுத் திட்டான கறைக்கு உலகம் பூரா ஸ்கிரீன் செய்யறவங்க சொல்ற வார்த்தை 'முரா'. ஜப்பானிய வார்த்தை. அந்தக் கறையோட மல்லுக்கு நின்னவங்க யாருன்னு அந்த வார்த்தையே சொல்லுது.

பாட்டி விஷயத்துக்கு வர்றேன். திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். இந்தத் தடவை போட்டோவைப் பாதியாச் சுருக்கி, எந்த இடத்துல வேலை செய்யறேனோ அந்த இடத்தை ஸ்கிரீன் நடுவுக்கு நகர்த்தி வெச்சுக்கிட்டேன். நாற்காலியை அசைக்கவே இல்லை. கண்ணை நம்பாம, சுட்டியை வெச்சு ஒவ்வொரு இடத்துக்கும் கறுப்பு எவ்வளவுன்னு போட்டோஷாப் காட்டற எண்ணைப் பார்த்து, பழைய போட்டோவோட ஸ்கேனில் இருக்கிற எண்ணோட ஒப்பிட்டேன். முகமும் கையும் கிட்டத்தட்ட ஒரே எண். அசலில் பாட்டி ஒரே நிறமாத்தான் இருந்திருக்காங்க. பிரிச்சது நான்தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். மானிட்டர் மேல முழுப் பழியையும் போட முடியாது. முகத்தைத் தூக்கத் தூக்க, 'நல்லா வருதே'ன்னு எனக்குத் தோணினது நிஜம். மானிட்டர் கொஞ்சம் தள்ளிச்சு, நான் அந்தப் பக்கமே இன்னும் ரெண்டு அடி ஓடியிருக்கேன். எண்ணைக் கூட்டிப் பார்த்தா மேல் ஓரத்து இருட்டுக்குத் தேவையானதை விட அதிகமாவே ஏத்தி வெச்சிருந்தேன்.

ஸ்டூடியோவில் சின்ன சைஸில் நாலு பிரிண்ட் போட்டுப் பார்த்து, ஜூன் மாசம் பெரிசு ஒண்ணு எடுத்தேன். சட்டம் அதே சட்டம்தான், உள்ளே மட்டும் மாத்தினேன். இந்தத் தடவை விழா எதுவும் இல்லை. ஒரு சாயங்காலம் அத்தை வந்திருந்தப்ப அப்பா கையில கொடுத்தேன். அப்பா பார்த்தார். அப்புறம் ஒண்ணும் சொல்லாம அத்தை பக்கம் நீட்டினார்.

"அக்கா, நீ பார்த்துச் சொல்லு."

அத்தை கண்ணாடியைத் துடைச்சாங்க.